அக்கா காப்புக் கட்டாத வருஷம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரைக்கும் படித்தேன், அதோடு சரி. ஞாபகமும் முன்னே மாதிரி இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தால், எதற்கு வந்தோம் என்று நின்று யோசிக்கிறேன். எங்கள் கோயில் மாதர் குழுவில் ஒரு டீச்சர் இருக்கிறார். நாற்பது ஐம்பது வயதில் பெண்கள் பட்ட பாட்டை ஆளுக்குக் கொஞ்சம் எழுதிக் கொடுங்கள், புத்தகமாகச் சேர்க்கலாம் என்று சொல்லி நோட்டுப் புத்தகத்தைக் கையில் திணித்துவிட்டார். முடியாது என்று சொல்ல எனக்கு வெட்கம். அதனால் எழுதுகிறேன்.

மற்றவர்கள் பிள்ளைகள் பினாங்குக்கு வேலைக்குப் போய் வீடு வெறிச்சோடியதை எழுதுவார்கள். இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி, முட்டிவலி பற்றி எழுதுவார்கள். நான் எழுதுவது ஒரே விஷயம்தான். மாதத் தீட்டு நின்று போன பிறகு எனக்கு நடந்தது. ஆண்கள் படித்தாலும் படிக்கட்டும். இந்த வயதில் அதற்கெல்லாம் வெட்கப்பட்டு ஆகப் போவது என்ன?

அப்போது எனக்கு நாற்பத்தொன்பது நடந்தது. மெர்போக் பக்கம் தோட்டத்தில் இருந்தோம். அதற்கு முன்னால் வருஷக்கணக்காக ரப்பர் பாலுக்குப் பால்மரம் வெட்டியவள் நான். மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை போட்ட பிறகு, பழக்குலை வெட்டும் இடத்தில் உதிர்ந்து கிடக்கும் கொட்டைகளைப் பொறுக்கி மூட்டை கட்டும் வேலைக்கு மாற்றினார்கள். எங்கள் கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். பாதிப் பேருக்கு மேல் ஐம்பதை ஒட்டிய வயது. குனிந்து நிமிர்ந்தாலே முதுகு பிடித்துக்கொள்ளும். அதோடு இந்தச் சூடும் சேர்ந்துகொண்டது.

அது எப்படி இருக்கும் என்று பட்டவர்களுக்குத் தெரியும். காலையில் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டில் நிற்கும்போதே, நெஞ்சில் ஆரம்பித்துக் கழுத்து, காது, முகம் என்று தீ ஏறும். ஜெராய் மலைப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வரும் நேரம், பக்கத்தில் நிற்பவள் துண்டைப் போர்த்திக்கொண்டிருப்பாள், எனக்கு மட்டும் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஐந்து நிமிஷத்தில் இறங்கிவிடும். பிறகு குளிரும். எங்களில் ஒருத்தி சாயங்காலமானால் சீனன் கடைக்குப் போய் ஐஸ் பெட்டியைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பாள். ஐஸ் வாங்க வந்தாயா, குடியிருக்க வந்தாயா என்று கடை முதலாளி தவுக்கே கேட்டாராம். வாடகை எவ்வளவு என்று இவள் திருப்பிக் கேட்டாளாம். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தோம்.

சிரிப்புத்தான் வெளியே. வீட்டுக்குள் அழுகை. என் வீட்டுக்காரர் தோட்டத்து லோரி ஓட்டினார், அதிகம் பேசாதவர். ஒரு நாள் ரசத்தில் உப்பு கம்மி என்று சாதாரணமாகச் சொன்னார். நான் கரண்டியைப் போட்டுவிட்டு அழ ஆரம்பித்தேன். நிறுத்தவே முடியவில்லை. அவர் பயந்துபோய், தானே போய் உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு, நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று ரெண்டு தடவை சொன்னார். அதற்கும் அழுதேன்.

எங்கள் கூட்டத்தை நடத்தியது ஒரு அக்கா. அவர் வயதில் மூத்தவர், அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். எல்லோருக்குமே அவர் அக்காதான். வாய் ரொம்பக் கடுமை. எங்களை வேலை வாங்குகிற மண்டோரே அவர் வரும்போது சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு நிரைக்குப் போய்விடுவார். ஆனால் ஒன்று செய்தார். பத்து மணிக்குச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது, "இன்னிக்கு யார் யாருக்கு எரியுது, கையத் தூக்குங்கடி" என்பார். கை தூக்கியவர்கள் அன்றைக்கு மூட்டை தூக்க வேண்டாம். மற்றவர்கள் தூக்குவார்கள். நாளைக்கு அவர்கள் முறை. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, எந்தச் சட்டத்திலும் கிடையாது, ஆனால் எங்கள் கூட்டத்தில் அப்படித்தான் நடந்தது. நான் மட்டும் கை தூக்கமாட்டேன். வெட்கம். அக்காவே என் கையைப் பிடித்துத் தூக்கிவிடுவார்.

கோயிலிலும் அந்த அக்காதான் பெரிய ஆள். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா பத்து நாள். முதல் நாள் சாயங்காலம் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் நூல் கையில் ஏறிவிட்டால், பத்தாம் நாள் பூசாரி அவிழ்க்கிற வரைக்கும் தோட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. யார் செத்தாலும் பிழைத்தாலும் கூடாது. அந்தப் பத்து நாளும் மடப்பள்ளியில் அம்மனுக்குப் படையல் சமைப்பது பெண்கள். நடுவில் தீட்டு வரக்கூடாது என்பதால், நின்று போன பெண்களைத்தான் சேர்ப்பார்கள். யாருக்கு நின்றுவிட்டது, யாருக்கு நிற்கவில்லை என்ற கணக்கு அக்கா தலையில் இருக்கும். முழுசாக ஒரு வருஷம் வராமல் இருந்தால்தான் கூப்பிடுவார்.

சின்ன வயதில் இதை நினைத்துச் சங்கடப்பட்டிருக்கிறேன், ஊருக்கே தெரிகிறதே என்று. ஆனால் நாற்பத்தொன்பதில், பதினாலு மாசம் வராமல் இருந்தபோது, அக்கா வீட்டு வாசலில் வந்து நின்று, "இந்த வருஷம் நீ உள்ள வா புள்ள" என்று கூப்பிட்டார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நான் எங்கே போனாலும் பின்வரிசையில் உட்காருகிறவள். கல்யாண வீட்டில்கூடப் பந்தியில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் சாப்பிடுவேன். என்னை ஒருவர் உள்ளே வா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. உடம்பு என்னைப் படுத்திய பாட்டுக்கெல்லாம் இப்படி ஒரு பலன் உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

மடப்பள்ளியில் எனக்கு ஒரு திறமை இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அம்மனுக்குப் படைப்பதற்கு முன்னால் எதையும் வாயில் வைத்து ருசி பார்க்கக் கூடாது. உப்பு எப்படிப் பார்ப்பது? மற்றவர்கள் கை அளவில் போடுவார்கள், சில நாள் கரித்துவிடும். நான் குண்டானுக்கு மேலே வரும் ஆவியை முகத்தில் வாங்கினால் சொல்லிவிடுவேன், இன்னும் அரைக் கை போடணும் என்று. மூன்றாம் நாளிலிருந்து, அக்கா எல்லாக் குண்டானுக்கும் என்னைத்தான் கூப்பிட்டார். ரசத்தில் உப்பு கம்மி என்று சொன்ன என் வீட்டுக்காரர் இதை வந்து பார்த்திருக்க வேண்டும்.

ஆறாம் நாள் காலையில், சர்க்கரைப் பொங்கல் பாதி வெந்துகொண்டிருந்தபோது எனக்கு வந்துவிட்டது.

முதலில் நம்பவில்லை. பின்னால் குழாயடிக்குப் போய்ப் பார்த்தேன். வந்துதான் இருந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அத்தனை குண்டானையும் கொட்டுவார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்து, எல்லாவற்றையும் கழுவி, மறுபடியும் அடுப்பு மூட்ட வேண்டும். பூஜை நேரம் தப்பும். வெளியே தோட்டத்து ஜனம் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. ஏன் தாமதம் என்று கேட்பார்கள், என் பேரைச் சொல்வார்கள். அக்காவின் கணக்குத் தப்பிவிட்டது என்று வேறு சொல்வார்கள்.

நான் சொல்லவில்லை. துணியை மடித்து வைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பொங்கலைக் கிண்டினேன். மிச்ச நாளும் அப்படியே. பத்தாம் நாள் பூசாரி காப்பை அவிழ்த்தபோது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

அதன் பிறகுதான் பெரிய தப்பைச் செய்தேன். இரத்தம் நிற்கவில்லை. ரெண்டு வாரம் இருக்காது, அப்புறம் வரும். சில நாள் கறை மாதிரி, சில நாள் கட்டி கட்டியாக. வேறு யாராக இருந்தாலும் இது உடம்பில் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார்கள். நான் அப்படி நினைக்கவே இல்லை. தீட்டோடு அம்மன் படையலைத் தொட்டேன், அம்மன் அதையே திருப்பிக் கொடுக்கிறாள், இதுதான் தண்டனை என்று நினைத்தேன். தண்டனைக்கு எதற்கு டாக்டர்? வெள்ளிக்கிழமை ஒரு வேளை சாப்பிட்டேன். வேப்பிலைத் தண்ணீரில் குளித்தேன். கோயிலுக்குப் போனால் கொடிமரத்துக்கு வெளியிலேயே நின்று கும்பிட்டேன். அவளுக்கு இப்போ பெருமை வந்துவிட்டது, எங்களோடு உட்கார மாட்டேன்கிறாள் என்று ரெண்டு பேர் பேசியது காதில் விழுந்தது. பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

உடம்பு வெளுத்துப் போயிற்று. மூட்டையைத் தூக்கினால் கண் இருட்டிவிடும். என் வீட்டுக்காரர் மருந்துக் கடையில் சத்து மாத்திரை வாங்கி வந்து, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒன்றொன்றாக வைப்பார். என்ன செய்கிறது என்று கேட்பார். வயசாகுதில்ல என்பேன். அவரும் சரி என்பார். இப்படியே ஒரு வருஷம் போயிற்று.

அடுத்த திருவிழா வந்தது. காப்புக் கட்டுகிற அன்று மத்தியானம் அக்கா வீட்டுக்கு வந்தார். புது மஞ்சள் சேலை, தலையில் பூ. கிளம்பு, குண்டான் எல்லாம் விளக்கணும் என்றார். நான் வரவில்லை என்றேன். ஏன் என்றார். முடியவில்லை என்றேன். பொய் சொல்லத் தெரியாதவளுக்கு எதற்குப் பொய் என்று அதட்டினார். போன வருஷத்திலிருந்தே நீ சரியில்லை, நான் ஏதாவது மனசு நோகப் பேசினேனா, மூஞ்சிக்கு நேராகச் சொல்லு என்று குரலை உயர்த்தினார். அக்கா தன்மேல் தப்பு இருக்குமோ என்று நினைப்பதை என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். குழாயடியிலிருந்து ஆரம்பித்து, நேற்று வந்தது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா உடனே என்னைக் கட்டிப் பிடித்துக்கொள்ளவில்லை. அப்படி எழுதினால் அது பொய். முகம் கறுத்துவிட்டது. "அன்னிக்குப் பொங்கல நீ தொட்டியா?" என்று கேட்டார். தொட்டேன் என்றேன். நாற்காலியில் உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த நேரத்தில் நான் செத்துப்போயிருக்கலாம் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து வேறு குரலில் கேட்டார்.

"நின்னு எத்தன மாசம் கழிச்சு வந்துச்சு?"

"பதினாலு."

"அதுலேர்ந்து ஒரு வருஷமா வருதா?"

"ஆமாக்கா."

"மடச்சி," என்றார். "இது தீட்டு இல்லடி. சீக்கு."

அக்கா இனிப்புநீருக்கு மாசா மாசம் சுங்கைப் பட்டாணி கிளினிக்குக்குப் போகிறவர். அங்கே நர்ஸ் மிசிகள் இவர் வயதுப் பெண்களிடம் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி கேட்பார்களாம். நின்ற பிறகு திரும்ப இரத்தம் பட்டதா, பட்டால் ஒரு சொட்டாக இருந்தாலும் உடனே வந்து சொல்ல வேண்டும் என்பார்களாம். எனக்கு அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. நான்தான் கிளினிக் பக்கமே போகிறவள் இல்லையே.

நாளைக்குக் காலையில் வீட்டுக்காரரோடு போ என்றார். அவரிடம் இதை எப்படிச் சொல்வேன் என்றேன். மகளைக் கூப்பிடு என்றார். அவள் பினாங்கில் இருக்கிறாள், பிள்ளைத்தாச்சி, பயந்துவிடுவாள் என்றேன். அப்படியானால் திருவிழா முடியட்டும், பத்து நாள்தானே, பிறகு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். அக்கா என்னைப் பார்த்தார்.

"பத்து நாள்ல நீ மறுபடியும் ஒளிஞ்சிக்குவ. எனக்குத் தெரியாதா ஒன்ன."

உண்மைதான். ஒளிந்துகொண்டிருப்பேன்.

அக்கா எழுந்து கோயிலுக்குப் போனார். அன்று சாயங்காலம் காப்புக் கட்டும் நேரத்தில் அவர் பேரைக் கூப்பிட்டார்கள். இருபது வருஷத்துக்கு மேலாக, பெண்களில் முதல் காப்பு அவருக்குத்தான். அவர் கையை நீட்டவில்லை. கோயில் தலைவர் ஏன் என்று கேட்டிருக்கிறார். அக்கா கூட்டத்துக்கு நடுவில் நின்று, "எனக்குத் தீட்டு" என்று சொன்னாராம். அறுபது வயது கிழவி. தலைவர் வாயைத் திறந்து, மூடி, பூசாரியைப் பார்த்தாராம். பூசாரி அம்மனைப் பார்த்தாராம். ஆண்கள் ஒருவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? பெண்கள் பக்கம் மட்டும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கியிருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகு மற்றவர்கள் சொன்னது. அம்மன் முன்னால் அக்கா பொய் சொன்னது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் சுங்கைப் பட்டாணிக்குப் போனோம். கிளினிக்கில் டாக்டர் சின்ன வயது மலாய்க்காரப் பெண், என் மகள் வயது இருக்கும். பெராப்பா லாமா, எவ்வளவு நாளாக, என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா ஒரு விரலை நீட்டி, சாத்து தாஹுன், ஒரு வருஷம் என்று கோபமாகச் சொன்னார், டாக்டர்தான் அதற்குக் காரணம் என்கிற மாதிரி. அந்தப் பெண் திட்டவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்.

அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளேயிருந்து கொஞ்சம் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பதில் வரச் சில வாரம் ஆயிற்று. கர்ப்பப்பையின் உள் தோல் தடித்திருக்கிறது, இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, ஆனால் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்றார்கள். இன்னொரு வருஷம் விட்டிருந்தால் என்று அக்கா கேட்டார். டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஆபரேஷன் என்றால் வீட்டுக்காரரிடம் சொல்லித்தானே ஆக வேண்டும். முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்ல வராது. கடைக்குப் போய்விட்டு அவர் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஹெல்மெட்டுக்குள் காது கேட்டதா என்றுகூடத் தெரியவில்லை. தோட்டத்துக்குத் திரும்பும் முனை வந்தது. அவர் திரும்பவில்லை. நேராக ஓட்டிக்கொண்டே போனார். மலையைச் சுற்றி யான் என்கிற ஊர் வரைக்கும் போய்விட்டோம். ரெண்டு பக்கமும் வயல். ஒரு மரத்தடியில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னார்.

"ஒரு வருஷம் மாத்திரைய எண்ணி எண்ணி வெச்சேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

அவர் பக்கத்துக் கடையில் செண்டோல் வாங்கி வந்து கொடுத்தார். குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். ஆஸ்பத்திரியில் எல்லா நாளும் வெளி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஆபரேஷனுக்குப் பிறகு ரெண்டு மாசம் நான் குனியக் கூடாது. எங்கள் கூட்டத்துப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி துணி துவைப்பாள், ஒருத்தி சமைப்பாள். ஐஸ் பெட்டிக்காரி சமைத்தால் எல்லாமே உறைப்பு. எனக்குப் பெருமை வந்துவிட்டது என்று பேசிய ரெண்டு பேரும்கூட வந்தார்கள். ஒருத்தி வீடு கூட்டினாள்.

அம்மன் என்னை மன்னித்தாளா என்று அக்காவிடம் ஒரு நாள் கேட்டேன். எனக்குத் தெரியாது புள்ள, நான் என்ன அம்மனா என்றார். பிறகு, அவளும் பொம்பளைதானே என்று மட்டும் சொன்னார். எனக்கு இன்னும் அது முழுசாகத் தீரவில்லை. அந்தப் பொங்கலை நினைத்தால் இப்போதும் நெஞ்சு சுருக்கென்கிறது. உடம்பு ஆறின மாதிரி மனசு ஆறவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆனால் அதற்கடுத்த வருஷத்திலிருந்து அக்கா ஒன்றை மாற்றினார். மடப்பள்ளிக்குக் கூப்பிடும்போது, நின்று ஒரு வருஷம் ஆயிற்றா என்பதோடு விடமாட்டார். நின்ற பிறகு எப்போதாவது பட்டதா என்றும் கேட்பார். நடுவில் வந்தால் குண்டானை விட்டுவிட்டு வெளியே வா, யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு என்பார். திருவிழா நடுவில் ஒரு தடவை ஒருத்தி அப்படி வெளியே வந்தாள். அரை மணி நேரம் பூஜை தாமதமானது. ஜனம் உட்கார்ந்துதான் இருந்தது. மறு வாரம் அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். அவளுக்கு ஒன்றுமில்லை, சாதாரணக் கட்டி, எடுத்துவிட்டார்கள்.

அக்காவுக்கு முட்டி போன பிறகு, அந்தக் கேள்வியை நான் கேட்கிறேன். எனக்கு முகத்தைப் பார்த்துக் கேட்க வராது. அரிசி களையும்போது, அரிசியைப் பார்த்துக்கொண்டே கேட்பேன். சில பேர், இந்தக் கிழவிக்கு வேற வேலையே இல்லையா லா என்பார்கள். இல்லை என்பேன்.

இவ்வளவுதான் எனக்கு எழுதத் தெரிந்தது. டீச்சர், தயவுசெய்து புத்தகத்தில் போடுவதற்கு முன்னால் சரிபார்த்துவிடுங்கள். டாக்டர் சொன்ன வியாதியைக் காதில் வாங்கிய மட்டில் எழுதியிருக்கிறேன், கிளினிக்கில் வேலை செய்கிறவர்கள் யாரையாவது கேளுங்கள். பதினாலு மாசமா பன்னிரண்டு மாசமா என்பதில் எனக்கும் அக்காவுக்கும் சண்டை உண்டு. அவர் இப்போது சுங்கைப் பட்டாணியில் மகன் வீட்டில் இருக்கிறார், கண் தெரியாது, காது நன்றாகக் கேட்கும். படித்துக் காட்டுங்கள். கோயிலில் அவர் சொன்னதை நான் நேரில் கேட்கவில்லை, அதனால் அவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒரு வருஷம் நான் யாரிடமும் சொல்லாமல் இருந்ததை மட்டும் மாற்ற வேண்டாம். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.